சமுதாயக் கல்லூரி: ஒரு சொல்லும் ஒரு வாயிலும்

ஒரு சொல் ஓரிடத்தில் ஒரு பொருளும் பிறிதோரிடத்தில் வேறொரு பொருளும் பட நிற்றல் உலகியல்பு. அவ்வேறுபாட்டை அறியாதார் சொல்லைக் கேட்ட அளவிலே தாமறிந்த பொருளை அதன்மேல் ஏற்றிக்கொண்டு மயங்குவர். சென்ற மாதம் நம் சங்கக் கட்டிடத்தில் நிகழ்ந்த ஓர் உரையாடல் இதனை எமக்கு நன்கு விளக்கிற்று.

நம்மவருள் ஒருவர், அமெரிக்காவிலே கலிபோர்னியா மாகாணத்தில் பெற்றோருடன் வாழும் தம் பேத்தி பள்ளியிறுதி தேறி, ஆங்குள்ள கம்யூனிட்டி காலேஜ் ஒன்றில் வணிகமும் சமூக நூல்களும் பயிலச் சேர்ந்திருப்பதாகக் கூறினார். கூறும்போது அவர் குரல் தாழ்ந்திருந்தது. அருகிலிருந்த முதியவர் ஒருவரோ முகமலர்ந்து, "எந்தக் கம்யூனிட்டி நடத்துகிற காலேஜ் அது? நம்மவர்கள் அங்கேயும் கல்லூரி வைத்துவிட்டார்களா?" என்று வினவினார். மற்றோரன்பர் இடைமறித்து, "அதெல்லாம் இல்லை, பெரிய காலேஜில் இடம் கிடைக்காதவர்கள் போகிற இரண்டு வருஷப் படிப்பு அது" என்றார். பாட்டனார் ஒன்றும் பேசாது தலைகவிழ்ந்தார். பின்னர் எம்மை நோக்கி, "பண்டிதரையா, நீங்கள் சொல்லுங்கள். அதைக் கல்லூரி என்று சொல்லலாமா, கூடாதா?" என்றார். அவ்வினாவிற்கு அன்றே விடை கூறுதல் எமக்கு எளிதாயிருக்கவில்லை. படித்தறிந்து பத்திரிகையில் எழுதுவதாகச் சொல்லி வந்தோம். அவ்வாக்கினை இங்கு நிறைவேற்றுகின்றோம்.

முதற்கண் சொல்லை ஆராய்வோம். நம் நாட்டில் 'கம்யூனிட்டி' என்பது சாதி என்னும் பொருளிலேயே வழங்குகின்றது. 'கம்யூனிட்டி சர்ட்டிபிகேட்' என்னும் சான்றிதழை ஆண்டுதோறும் மாணாக்கரிடம் வாங்கிக் கட்டிவைக்கும் எம்போன்ற ஆசிரியர்க்கு இதனை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆதலின் அம்முதியவர் கேட்டதிற் பிழையொன்றுமில்லை. ஆனால் அமெரிக்க வழக்கில் அச்சொல் ஓர் ஊரையும் அதன் சுற்றுவட்டாரத்தையும் அங்கு வாழ்வார் அனைவரையும் குறிக்கும். இன்னார்க்கென்று வரையறுக்காமல் அவ்வட்டாரத்தார் யாவர்க்கும் பொதுவாக, அவர்தம் வரிப்பணத்தால் நடப்பது எதுவோ அதுவே கம்யூனிட்டி காலேஜ். தமிழில் அதனைச் சமுதாயக் கல்லூரி என்பர். சொல் இவ்வாறாக, பொருள் எவ்வாறு உண்டாயிற்று என்பதே இனி ஆராயத்தக்கது.

அந்நாட்டிற் பழைய கல்லூரிகள் பெரும்பாலும் சமய ஊழியரையும் செல்வர் மக்களையும் பயிற்றுவனவாயிருந்தன. கிரேக்கம், இலத்தீன், கணிதம் என்பனவே ஆங்குத் தலைமைப் பாடங்கள். உழவனும் கைத்தொழிலாளனும் கல்லூரி வாயிலை எட்டிப்பார்த்தலும் அரிது. 1862-இல் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே ஆபிரகாம் லிங்கன் கையொப்பமிட்ட மாரில் சட்டம் இந்நிலையை ஓரளவு மாற்றிற்று. ஒவ்வொரு மாகாணத்திற்கும் நாட்டுக் காங்கிரஸ் சபையில் அதற்குள்ள உறுப்பினர் ஒருவர்க்கு 30,000 ஏக்கர் வீதம் அரசாங்க நிலம் அளித்து, அதன் வருவாயைக் கொண்டு உழவும் இயந்திரத் தொழிலும் பயிற்றும் கல்லூரிகளை நிறுவுமாறு அச்சட்டம் வகை செய்தது. கல்லூரிக் கல்வி பொதுமக்களுக்கும் உரியது என்னும் எண்ணம் இதனால் வேரூன்றிற்று. ஆயினும் அக்கல்லூரிகள் மாகாணத்திற்கு ஒன்றிரண்டாய் நெடுந்தொலைவில் இருந்தன. வீட்டிலிருந்தே சென்று பயிலும் கல்லூரி என்பது அப்பொழுதும் பிறக்கவில்லை.

அதனைப் பிறப்பித்தவருள் முதல்வர் எம் இனத்தவர் என்று சொல்லிக்கொள்ளுதலில் எமக்கு ஒரு பெருமையுண்டு. சாதியாலன்று, தொழிலால் என்க. வில்லியம் ரெய்னி ஹார்ப்பர் என்னும் அவர் ஒரு மொழிப்பண்டிதர். எபிரேய மொழி பயிற்றியவர். 1856-இல் ஒகாயோ மாகாணத்து நியூ கான்கார்டு என்னும் சிற்றூரிலே ஒரு கடைக்காரருக்கு மகனாய்ப் பிறந்து, பதினான்கு வயதிற் கல்லூரிப் பட்டமும், இருபது நிரம்புமுன்னரே யேல் பல்கலைக் கழகத்தில் டாக்டர் பட்டமும் பெற்றார். எண்ணெய் வணிகத்தாற் பெருஞ்செல்வரான ராக்பெல்லரின் பொருளுதவியாற் சிக்காகோ நகரிற் புதிதாக நிறுவப்பெற்ற பல்கலைக் கழகத்திற்கு ஹார்ப்பரே முதற்றலைவர். அப்பல்கலைக் கழகம் 1892 அக்டோபர் 1-ஆம் நாள் வகுப்புக்களைத் தொடங்கிற்று.

ஹார்ப்பர் அங்குச் செய்த மூன்று காரியங்கள் நம் பொருளுக்கு இயைபுடையன. நான்காண்டுக் கல்லூரிப் படிப்பை இவ்விரண்டு ஆண்டுகளாகப் பகுத்தமை முதலாவது. 1896 முதல் முற்பகுதி இளங்கல்லூரி எனவும் பிற்பகுதி முதுகல்லூரி எனவும் பெயர் பெற்றன. முற்பகுதியை மட்டும் முடித்தவர்க்கு 1900-ஆம் ஆண்டளவில் 'அசோசியேட்' என்னும் பட்டம் வழங்கப்பட்டது. சமூகவியலுக்கெனத் தனித்துறை ஒன்றைத் தொடக்கத்திலேயே நிறுவி, ஆல்பியன் ஸ்மால் என்பாரை அதற்குத் தலைவராக்கியமை இரண்டாவது. அத்துறையினர் 1895-இல் தொடங்கிய 'அமெரிக்கன் ஜர்னல் ஆப் சோசியாலஜி' என்னும் வெளியீடு இன்றும் நடைபெறுகின்றது. 1898-இல் வணிகத்திற்கும் அரசியலுக்குமாக ஒரு கல்லூரியைத் தொடங்கியமை மூன்றாவது. வணிகத்தைப் பல்கலைக் கழகத்திற் பயிற்றும் முயற்சி அதற்கு முன்னரே, 1881-இல், பிலடெல்பியா நகரத்திலே ஜோசப் வார்ட்டன் என்னும் உலோகத்தொழிலதிபரின் நன்கொடையால் தோன்றியிருந்தது. இருபதாண்டிற்கும் குறைந்த காலத்திற்குள் அது சிக்காகோவிலும் இடம்பெற்றது. இரண்டாண்டுக் கல்லூரி என்னும் கருத்தும், வணிக நூலும், சமூக நூலும் ஆகிய மூன்றும் இவ்வாறு ஒரே தலைவரின்கீழ் ஒரே கூரையிற் கூடின.

நிற்க. ஹார்ப்பரின் உள்ளக்கிடக்கையை மறைத்துப் பேசுதல் வரலாற்று முறையன்று. எளியோர்க்கு வழி திறப்பது ஒன்றே அவர் கருத்தாயிருந்ததில்லை. பல்கலைக் கழகம் ஆராய்ச்சிக்கே உரியது என்றும், தொடக்க வகுப்புக்களின் சுமை அதனிடத்தினின்று நீங்கவேண்டும் என்றும் அவர் எண்ணினார். இரண்டாண்டு கற்றபின் மேற்செல்ல விருப்பமோ ஆற்றலோ பொருளோ இல்லாதவர் மானக்குறைவின்றி அவ்வளவில் நிற்கலாம் என்பதும் அவர் கருத்து. ஆகவே இக்கல்லூரி பிறந்த நாளிலேயே இரண்டு இயல்பு உடையதாய்ப் பிறந்தது. ஏறுவார்க்கு ஏணியாவது ஓரியல்பு. பெரிய கல்லூரியின் முன்னர் நின்று ஆட்களைச் சலிக்கும் சல்லடையாவது மற்றோரியல்பு. இவ்விரண்டும் அதன் வரலாறு முழுதும் ஒன்றோடொன்று போராடக் காண்கின்றோம்.

சிக்காகோவிற்குத் தென்மேற்கே, கல்வெட்டுக் குழிகளுக்கும் எஃகாலைக்கும் பெயர்போன ஜோலியட் என்னும் ஊர் உளது. அவ்வூர் உயர்தரப் பள்ளியின் தலைவர் ஸ்டான்லி பிரௌன் என்பார் ஹார்ப்பரின் நண்பர். பள்ளிப் படிப்பு முடிந்தபின் வெளியூர் செல்ல வசதியற்ற பிள்ளைகளுக்கு, கல்லூரியின் முதலிரண்டாண்டுப் பாடங்களை அப்பள்ளியிலேயே அவர் பயிற்றத் தொடங்கினார். 1901-இல் இவ்வாறு தொடங்கிய வகுப்பிலே மாணாக்கர் அறுவர். அதுவே இன்றளவும் நடைபெறும் ஜோலியட் ஜூனியர் காலேஜ். அரசாங்கப் பொருளால் நடக்கும் இரண்டாண்டுக் கல்லூரிகளுள் முதலாவதென்று போற்றப்படுவது. தனிக்கட்டிடமோ கொடியோ கோபுரமோ இல்லாமல், பள்ளிக்கூடத்து அறைகளில் ஆறு பிள்ளைகளோடு ஒரு பெரிய காரியம் தொடங்கியதை நம் பள்ளியாசிரியர்கள் எண்ணிப் பார்த்தல் நலம்.

நம் நாட்டார்க்கு இது முற்றும் புதிதன்று. பழைய சென்னை மாகாணத்தில் 'இரண்டாந்தரக் கல்லூரி' என்ற ஒருவகைக் கல்லூரிகள் ஊர்தோறும் இருந்தன. முதலில் எப்.ஏ. என்றும் பின்னர் இண்டர்மீடியட் என்றும் பெயர்பெற்ற இரண்டாண்டுப் படிப்பே அங்கு நடைபெறும். அதனை முடித்தவர் பி.ஏ. வகுப்பிற்குச் சென்னை, திருச்சிராப்பள்ளி முதலிய ஊர்களின் முதல்தரக் கல்லூரிகளுக்குச் செல்வர். நம் பாட்டன்மார் காலத்தில் 'இண்டர்' படித்தவரை ஊரார் மதித்த மதிப்பு முதியோர்க்கு நினைவிருக்கும். 1950-களின் நடுவில் அப்படிப்பு நீங்கிப் பி.யூ.சி. வந்தது, 1978-இல் அதுவும் மாறி மேனிலைப் பள்ளி வகுப்பாயிற்று. நம்மிடம் மறைந்துபோன அப்படி, அமெரிக்காவில் மறையாது வளர்ந்தது என்றே கொள்க.

அது மிக வளர்ந்த இடம் கலிபோர்னியா. அகன்ற நிலமும் அரிய கல்லூரியும் உடைய அம்மாகாணத்தில், உயர்தரப் பள்ளிகள் பள்ளிக்கு மேற்பட்ட பாடங்களையும் பயிற்றலாம் என்று 1907-இல் ஒரு சட்டம் பிறந்தது. அச்சட்டத்தின்படி 1910-இல் முதற்கல்லூரி கண்டது பிரெஸ்னோ என்னும் வேளாண்மை நகர். 1917-இல் மாகாண அரசாங்கம் பொருளுதவி செய்யலாயிற்று. 1921-இல் பள்ளியினின்று பிரிந்து தனி வட்டாரமும் தனி வரியும் உடைய கல்லூரிகளுக்கு வழி பிறந்தது. 1929-இல் தொடங்கிய லாஸ் ஏஞ்சலீஸ் நகரக் கல்லூரியில், மேற்படிப்பிற்குச் செல்வோர்க்குரிய பாடங்களோடு, நேரே வேலைக்குச் செல்வோர்க்குரிய பாடங்களும் தொடக்கத்திலேயே வகுக்கப்பட்டன. கணக்குப்பதிவும் அலுவலகத் தொழிலும் இவ்வாறு கல்லூரிப் பாடங்களாயின.

இக்கல்லூரிகளை ஊரார் எவ்வளவு தமதாக எண்ணினர் என்பதற்குச் சிக்காகோவிலே ஒரு சான்று உண்டு. 1911-இல் அங்குத் தொடங்கிய கிரேன் ஜூனியர் காலேஜை, உலகப் பொருள் நெருக்கடியின்போது 1933-இல், பணமில்லை என்று நகரக் கல்விக் கழகம் மூடிவிட்டது. மக்கள் கிளர்ந்தெழுந்தனர். மறு ஆண்டே ஒரு கல்லூரிக்கு மூன்று கல்லூரிகளாக நகரத்தின் மூன்று பகுதிகளில் அது மீண்டும் எழுந்தது. வேலையில்லாத காலத்தில் வீட்டருகே கல்லூரி இருப்பதன் அருமையை, வேலையற்ற தந்தையரும் அவர் மக்களுமே நன்குணர்ந்திருந்தனர்.

இனி வணிகமும் சமூக நூலும் ஒருங்கே பயிலுதல் எற்றுக்கு என்று சிலர் வினவலாம். சில கல்லூரிகளில் அவ்விரண்டும் ஒரே பிரிவாக ஒரு தலைவரின்கீழ் இயங்குகின்றன. வணிகம் பயில்வான் நிதிக் கணக்கியல், மேலாண்மைக் கணக்கியல், வணிகச் சட்டம் என்பவற்றோடு பொருளியலும் புள்ளியியலும் பயிலவேண்டும். சமூக நூல் பயில்வான் சமூகவியல், உளவியல், அரசியல், வரலாறு, மானிடவியல் என்பவற்றுள் வேண்டுவனவற்றோடு அப்பொருளியலையும் புள்ளியியலையும் பயில்வான். பொருளியலும் புள்ளியியலும் இரு வயலுக்கும் பொதுவான வாய்க்கால் எனலாம்.

நம் கடைத்தெரு வழக்கிலேயே இதனை விளக்குவோம். ஒரு கடைக்காரர் பேரேட்டைப் புரட்டினால் இன்னார் இவ்வளவு பாக்கி என்பது தெரியும். ஐந்தொகை எடுத்தால் ஆண்டு இலாபநட்டம் தெரியும். ஆனால் சென்ற ஆண்டுவரை தவறாமற் கொடுத்துவந்த ஒரு தெருவார் முழுதும் இவ்வாண்டு கொடுக்க முடியாமற் போனது ஏன் என்பதைப் பேரேடு சொல்லாது. அத்தெருவார் வேலைசெய்த ஆலை மூடப்பட்டதா, மழை பொய்த்ததா, குடிப்பழக்கம் புகுந்ததா, இளைஞரெல்லாம் வெளியூர் சென்றனரா என்று ஆராய்வது சமூக நூல். முன்னது அறியாதவன் முதலை இழப்பான். பின்னது அறியாதவன் மனிதரை இழப்பான். கடைக்காரர் மகனாகிய ஹார்ப்பரின் பல்கலைக் கழகத்தில் இவ்விரண்டும் அருகருகே முளைத்தமை பொருத்தமே.

இப்படிப்பின் அளவையும் அறிதல் வேண்டும். அங்குப் படிப்பை ஆண்டாக எண்ணாமல் 'யூனிட்' என்னும் அலகாக எண்ணுவர். வாரத்திற்கு மூன்று மணி நேரம் ஒரு பருவம் முழுதும் கேட்கும் பாடம் பெரும்பாலும் மூன்று அலகு பெறும். அறுபது அலகு சேர்ந்தால் அசோசியேட் பட்டம். நூற்றிருபது சேர்ந்தால் இளநிலைப் பட்டம். ஆகவே இரண்டாண்டுக் கல்லூரியில் ஈட்டிய அறுபதும் குறையாமற் பெரிய கல்லூரியில் ஏற்கப்படுமாயின், மாணாக்கன் நேரே மூன்றாமாண்டில் அமர்வான். ஏற்கப்படாத ஒவ்வோரலகும் அவன் வாழ்நாளிலும் பணத்திலும் நட்டமாகும். இச்சிறு கணக்கை நினைவிற் கொள்க, பின்னர் வேண்டப்படும்.

இரண்டாம் உலகப்போர் முடியுந்தறுவாயில், 1944-இல், போரினின்று மீள்வோர்க்குக் கல்விச் செலவை அரசாங்கமே ஏற்கும் சட்டம் ஒன்று நிறைவேறிற்று. அதனால் ஏறத்தாழ 22 லட்சம் பேர் கல்லூரிகளில் நுழைந்தனர். உழவர் மகனும் தொழிலாளி மகனும் வாய்ப்புக் கிடைத்தாற் கற்கவல்லர் என்பது கண்கூடாயிற்று. 1946-இல் ஜனாதிபதி ட்ரூமன், ஜார்ஜ் சூக் என்பார் தலைமையில் உயர்கல்விக் குழு ஒன்றை நியமித்தார். அக்குழு 1947 டிசம்பர் முதலாக வெளியிட்ட அறிக்கை ஆறு தொகுதிகளை உடையது. மக்களுள் நூற்றுக்கு 49 பேரேனும் பதினான்காண்டுக் கல்வியை முடிக்கும் அறிவாற்றல் உடையர் என்று அது கணித்தது. பதினான்காம் ஆண்டுவரை கட்டணமின்றிக் கல்வி அளித்தல் வேண்டும் என்றும், அதற்கு வட்டாரந்தோறும் கல்லூரி வேண்டும் என்றும் வற்புறுத்திற்று. அக்கல்லூரிகளுக்கு அது விரும்பி வழங்கிய பெயரே கம்யூனிட்டி காலேஜ். முன்னரே சிலர் ஆண்ட சொல்லாயினும், நாடெங்கும் பரவச் செய்தது இவ்வறிக்கையே.

ஆயினும் யாவர்க்கும் என்று எழுதுதல் எளிது. யாவரையும் உள்ளே விடுதல் அரிது. தென் மாகாணங்களிற் கறுப்பின மக்கள் வெள்ளையர் கல்லூரியில் நுழைய முடியாதிருந்தது. ட்ரூமன் குழுவின் அறிக்கை அப்பிரிவினையைக் கண்டித்தது. ஆனால் அதன்பின்னரும் புளோரிடா மாகாணத்தில் 1949 தொடங்கிக் கறுப்பினத்தார்க்கென்றே பன்னிரண்டு இளங்கல்லூரிகள் தனியே நிறுவப்பட்டன. பள்ளிகளில் நிறப்பிரிவினை செல்லாதென்று 1954-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த பின்னரும் அவை பெருகின. 1964-இல் குடியுரிமைச் சட்டம் வந்ததை ஒட்டி, 1960-களின் நடுப்பகுதியில் அவை ஒவ்வொன்றாக மறைந்தன. 'கம்யூனிட்டி' என்னும் சொல்லுக்கு ஊரார் அனைவரும் என்று பொருள் கூறிய நாட்டிலேயே, அப்பொருள் மெய்யாவதற்கு இத்துணைக் காலம் சென்றது. சாதிப்பெயரே அச்சொல்லின் பொருளாய் நிற்கும் நாட்டினராகிய நாம் இதனைப் படித்து நகைத்தற்கு உரியேமல்லேம். நம்மை நோக்கி நாணுதற்கே உரியேம்.

1960-இல் கலிபோர்னியா ஒரு பெருந்திட்டம் வகுத்தது. பள்ளி மாணாக்கருள் மேல்வரிசையில் எட்டில் ஒரு பங்கினர் மாகாணப் பல்கலைக் கழகத்திற்கும், மூன்றில் ஒரு பங்கினர் மாகாணக் கல்லூரிகளுக்கும் உரியர். மற்றெல்லார்க்கும் இரண்டாண்டுக் கல்லூரியின் வாயில் திறந்திருக்கும். அங்கு நன்கு பயின்றோர் மூன்றாமாண்டில் மேலே வந்து சேரலாம் என்பது அதன் சுருக்கம். அம்மாகாணத்தார்க்கு அவ்வாயிலிற் கட்டணமும் 1984 வரை இல்லை. நாடு முழுதும் 1960 முதற் பத்தாண்டில் 450-க்கு மேற்பட்ட கல்லூரிகள் புதிதாகத் தோன்றின. இன்று அவற்றின் தொகை ஏறத்தாழ ஆயிரம்.

ஆனால் பெருந்திட்டம் பிறந்த அதே 1960-ஆம் ஆண்டில் ஒரு கட்டுரையும் பிறந்தது. பர்ட்டன் கிளார்க் என்னும் சமூகவியலார், சான் ஹோசே நகரத்து இரண்டாண்டுக் கல்லூரி ஒன்றில் ஆராய்ந்து கண்டதை எழுதினார். வெளியிட்டது எது? ஹார்ப்பரின் பல்கலைக் கழகத்தில் 1895-இல் தோன்றியதென்று மேலே யாம் கூறிய அவ்வெளியீடே. ஹார்ப்பரின் கீழ்த் தழைத்த சமூக நூல், அவர் நட்ட இரண்டாண்டுக் கல்லூரியைத் தராசில் நிறுத்திற்று. வாயிலில் எல்லாரையும் வரவேற்றபின், தேர்வுகளாலும் ஆலோசகர் சொற்களாலும் மாணாக்கனின் ஆசையை மெல்ல மெல்லக் குறைத்து, "உனக்கு இதுவே போதும்" என்று அவனே நம்பும்படி செய்துவிடுதல் அங்கு நிகழ்கின்றது என்றார் கிளார்க். இதனை அவர் 'சூடு தணித்தல்' என்றார். அது மோசடிக்காரர் வழக்கினின்று வந்த சொல். பணத்தைப் பறிகொடுத்தவன் கூச்சலிடாதபடி, ஏமாற்றியவரின் கூட்டாளி ஒருவன் அருகிருந்து ஆறுதல் சொல்லி அடக்குவதற்கு அப்பெயர். வாயில் திறந்திருந்தும் படிக்கட்டு ஆளைத் திருப்பி அனுப்புமாயின், அது சல்லடையே, ஏணியன்று.

இக்கட்டுரையைப் பற்றிப் படித்தபோது எமக்கு உறக்கம் வரவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் எம்மிடம் பயின்ற ஒரு மாணாக்கன், மேனிலைத் தேர்விற் குறைந்த மதிப்பெண் பெற்று, மேலே என்ன செய்வதென்று கேட்க வந்தான். தந்தையை இழந்தவன், குடும்பம் வறியது. யாம் அவன் தோளைத் தட்டி, "ஒரு கடையிற் கணக்கெழுதப் போ, அப்பா. உனக்கு அது போதும்" என்று அன்பாகவே சொன்னோம். அவன் வணங்கிச் சென்றான். நெடுநாள் கழித்து ஒரு திருமண வீட்டில் எம்மைக் கண்டு நலம் விசாரித்தவன், விடைபெறும்போது, "ஐயா, மாலை நேரக் கல்லூரி, தபால் வழிப் படிப்பெல்லாம் அப்போதே இருந்தனவாமே. எனக்குச் சொல்லியிருக்கலாமே" என்றான். சினமின்றிச் சொன்னான், அதுவே எம்மைச் சுட்டது. கிளார்க் எழுதிய ஆலோசகர் கடல்கடந்த நாட்டில் மட்டும் இருப்பவரல்லர். நாற்காலியில் அமர்ந்து நாமே அத்தொழிலைச் செய்துகொண்டிருத்தல் கூடும்.

கிளார்க் கூறியது இன்றும் பெரும்பாலும் மெய்யே. இரண்டாண்டுக் கல்லூரியிற் புகுவோருள் நூற்றுக்கு எண்பதின்மர் அளவில் இளநிலைப் பட்டம்வரை செல்ல எண்ணுகின்றனர். பெரிய கல்லூரிக்கு மாறுவோர் மூவரில் ஒருவர் அளவே. ஆறாண்டிற்குள் அப்பட்டத்தைப் பெறுவோர் நூற்றுக்கு 16 அளவினர் என்று அண்மைக்கால ஆராய்ச்சிகள் கூறுகின்றன. இவ்வீழ்ச்சிக்கு வறுமையும் வேலைச்சுமையும் காரணங்கள். மேலே கூறிய அலகு நட்டமும் ஒரு காரணம். ஒரு கல்லூரியினின்று மற்றொன்றிற்கு மாறும் மாணாக்கர் சராசரியாக நூற்றுக்கு 43 அலகுகளை இழக்கின்றனர் என்று அந்நாட்டு அரசாங்கக் கணக்காய்வு அலுவலகம் 2017-இல் மதிப்பிட்டது.

இதற்குப் பரிகாரம் தேடியவரும் உளர். புளோரிடா மாகாணம் 1971-இல் இரண்டாண்டுக் கல்லூரிகளுக்கும் பல்கலைக் கழகங்களுக்கும் இடையே மாகாணம் முழுமைக்கும் பொதுவான உடன்படிக்கை செய்தது. கலிபோர்னியா 2010-இல், மாறுதற்கென்றே ஓர் அசோசியேட் பட்டத்தைச் சட்டத்தால் வகுத்தது. அதனைப் பெற்றவர்க்கு மாகாணக் கல்லூரித் தொகுதியில் இடம் உறுதி. எஞ்சிய அறுபது அலகில் இளநிலைப் பட்டம் முடியும். வணிகம், சமூகவியல், உளவியல் ஆகியன அவ்வகையில் உள்ள பாடங்கள். இவையெல்லாம் ஏணியின் உடைந்த படிகளைச் செப்பனிடும் வேலைகள்.

நம் நாட்டிலும் இப்பெயர் வழங்கும் கல்லூரிகள் உண்டு. புதுவைப் பல்கலைக் கழகம் 1995-இல் நிறுவிய சமுதாயக் கல்லூரியே இந்தியாவில் முதலாவது என்பர். அதன்பின் சென்னை இலயோலாக் கல்லூரியைச் சார்ந்த சேவியர் அல்போன்ஸ் என்னும் இயேசு சபைத் துறவியின் முயற்சியால் தமிழ்நாட்டிற் பல தோன்றின. படிப்பை இடையில் விட்டோர்க்குக் கைத்தொழிலும் வாழ்க்கைத் திறனும் அளித்தல் அவற்றின் நோக்கம். ஏணியின் மேற்படி நம்மிடம் வேறோரிடத்தில் உளது. பாலிடெக்னிக்கில் டிப்ளமா முடித்தவர் பொறியியற் கல்லூரியின் இரண்டாமாண்டில் நேரே சேரும் வழியே அது. நம் குடும்பங்களிற் பலர் அவ்வழியாக மேலேறியிருக்கின்றனர்.

இனி அப்பாட்டனார்க்கு விடை கூறுவோம். ஐயா, அது கல்லூரியே. தங்கள் பேத்தி புகுந்திருப்பது, ஆறு பிள்ளைகளோடு ஒரு பள்ளியறையில் தொடங்கி, நூற்றாண்டிற்கு மேலாகக் கோடிக்கணக்கானோர் நுழைந்த வாயில். ஆயினும் வாயில் திறந்திருப்பதால் மட்டும் மேன்மாடம் கிட்டிவிடாது. ஆதலின் தொலைபேசியில் அவளோடு பேசும்போது, குரலைத் தாழ்த்தாமல், மூன்று வினாக்களைக் கேளுங்கள். அவள் சேர்ந்திருப்பது மேற்படிப்பிற்கு மாறுதற்குரிய பட்டமா, நேரே வேலைக்குச் செல்வார்க்குரிய பட்டமா என்பது ஒன்று. இரண்டும் நல்லனவே; ஆனால் ஒன்றை மற்றொன்றென்று மயங்கினால் அலகுகள் வீணாகும். எந்தப் பல்கலைக் கழகத்திற்குச் செல்ல எண்ணுகிறாள், அங்கு இன்ன இன்ன பாடங்கள் ஏற்கப்படும் என்பதை எழுத்தில் பார்த்துக்கொண்டாளா என்பது இரண்டு. பருவந்தோறும் ஆலோசகரைக் காண்கிறாளா, அவர் "இது போதும்" என்று சொல்வாராயின் "ஏன்?" என்று கேட்கத் துணிவாளா என்பது மூன்று.

சங்கத்தார்க்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. நம் கல்வி உதவிநிதியின் விதிப்படி, பட்டப்படிப்பின் முதலாண்டிற் சேர்வார்க்கே உதவித்தொகை வழங்கப்படுகின்றது. டிப்ளமா முடித்து இரண்டாமாண்டிற் சேர்வார்க்கும், வேலைசெய்துகொண்டே மாலைக் கல்லூரியிலோ அஞ்சல்வழியிலோ பயில்வார்க்கும் அதில் இடமில்லை. மாடியில் நிற்பவர்க்குக் கைகொடுத்து, படியில் ஏறுபவரை விட்டுவிடுகின்றோம். வரும் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் இவ்விதியைத் திருத்துமாறு யாம் ஒரு தீர்மானம் கொண்டுவரக் கருதியுள்ளோம். அன்பர்கள் ஆதரிப்பார்களாக.

அன்று திருமண வீட்டில் எம்மை வினவிய அம்மாணாக்கனுக்கு யாம் கொடுக்கவேண்டிய விடை இன்னும் பாக்கியாகவே உள்ளது. இத்தீர்மானம் நிறைவேறுமாயின், அப்பாக்கியில் ஒரு சிறு பகுதியேனும் தீர்ந்ததாகக் கொள்வோம்.